டெக்சஸ் டிப்ளமோவுக்குக் குறைந்த ஒரு கிரெடிட்டும், அதை விற்ற இணையப் பள்ளியும்

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என் மகன் இந்தியாவில் சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பை முடித்துவிட்டு டெக்சஸுக்கு வந்து சேர்ந்தான். இங்குள்ள அரசுப் பள்ளி அவனைப் பதினோராம் வகுப்பில் சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டபோது, இனி இரண்டே ஆண்டுகள்தாம், உயர்நிலைப் பள்ளியை முடித்ததற்கான சான்றிதழான டிப்ளமோ தானாகக் கைக்கு வந்துவிடும் என்று நினைத்திருந்தோம். மாணவர்களின் பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலர் ஒரு தாளை மேசையில் விரித்து வைத்துக் கூட்டிக் காட்டிய பிறகுதான், இந்த ஊரில் வகுப்பைத் தாண்டுவது வேறு, ஓர் ஆண்டுப் பாடத்துக்கு ஒன்று என்று கணக்கிடும் கிரெடிட்டைச் சேர்ப்பது வேறு என்பது புரிந்தது. ஒன்பது, பத்தாம் வகுப்புகளின் ஆங்கிலத்துக்கு 2, கணிதத்துக்கு 2, அறிவியலுக்கு 2, சமூக அறிவியலை உலக நிலவியலாகவும் உலக வரலாறாகவும் கொண்டு 2, தமிழை இரண்டாம் மொழியாகப் படித்ததற்கு 2, கம்ப்யூட்டருக்கு 1 என மொத்தம் 11 கிரெடிட்டுகளை எங்கள் பள்ளி மாவட்டம் (அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகம்) ஏற்றுக்கொண்டது. ஒரு நாளைக்கு ஏழு பாடவேளைகள் உள்ள பள்ளியில் ஓர் ஆண்டுக்கு 7 கிரெடிட், இரண்டு ஆண்டுகளுக்கு 14. ஆகக் கூட்டினால் 25. தேவையோ 26.

அந்த ஒரு கிரெடிட்டை வாங்குவதற்காக நாங்கள் போன இணையவழிப் பள்ளியைப் பற்றியது இந்த விமர்சனம். பெயரைச் சொல்லாமலேயே எழுதுகிறேன். இதே அச்சில் வார்த்த நிறுவனங்கள் பல இருக்கின்றன. நான் சொல்லும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை அவற்றுக்கும் பொருந்தும். ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் அரசு முறைப் பாடத்துக்கு நான்கரை, பொருளியல் பாடத்துக்கு இரண்டரை, வாடிக்கையாளர் சேவைக்கு ஒன்றரை என்று தனித்தனியாகத்தான் போடுவேன்.

26 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போனால், டெக்சஸுக்குப் புதிதாக வரும் பெற்றோருக்கு இந்த விமர்சனத்தால் பயன் இருக்காது. அமெரிக்கா முழுமைக்கும் பொதுவான டிப்ளமோ விதி என்று ஒன்று கிடையாது. குறைந்தபட்சத் தேவையை மாநிலம் வகுக்கிறது, அதன்மேல் கூட்டிக்கொள்ளும் உரிமை பள்ளி மாவட்டத்துக்கு உண்டு. டெக்சஸ் சட்டமன்றம் 2013-ல் நிறைவேற்றிய ஹவுஸ் பில் 5-இன்படி 'ஃபவுண்டேஷன்' எனப்படும் அடிப்படைத் திட்டத்துக்கு 22 கிரெடிட் போதும்: ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 3, சமூகவியல் 3, பிற மொழி 2, நுண்கலை 1, உடற்கல்வி 1, விருப்பப் பாடங்கள் 5. இதனுடன் 'எண்டார்ஸ்மென்ட்' என்ற சிறப்புப் பிரிவு ஒன்றைச் சேர்க்கும்போது கணிதமும் அறிவியலும் நான்கு நான்காகவும், விருப்பப் பாடங்கள் ஏழாகவும் உயர்ந்து மொத்தம் 26 ஆகிறது. பெற்றோர் எழுத்து மூலம் ஒப்புதல் தந்தால் எண்டார்ஸ்மென்டை விட்டுவிட்டு 22-லேயே நிற்க இடமுண்டு. கவுன்சிலரும் அந்த வழியைச் சொன்னார். ஆனால் வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் மாணவர்களுக்குப் பெரும்பாலான மாநிலப் பல்கலைக்கழகங்களில் தாமாகவே இடம் கிடைக்கும் சலுகைக்கு எண்டார்ஸ்மென்டும் அல்ஜீப்ரா 2-ம் அடங்கிய உயர்நிலைத் தகுதி வேண்டும் என்பதால், ஒரு கிரெடிட்டுக்குச் சோம்பி அந்தக் கதவைச் சாத்த எங்களுக்கு மனம் வரவில்லை.

எந்தப் பாடத்தை வெளியே படிப்பது என்பதில் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அமெரிக்க அரசு முறையும் பொருளியலும் டெக்சஸில் தலா அரைக் கிரெடிட். இரண்டும் சேர்ந்து ஒன்று. எங்கள் மாவட்டத்தின் கோடைக்காலப் பள்ளி, தோல்வியடைந்த பாடத்தைத் திரும்பப் படிப்பவர்களுக்கு மட்டுமே என்றார்கள். இந்திய அரசியலமைப்பை ஒன்பதாம் வகுப்பிலேயே உருப்போட்ட பையனுக்கு, பதினோராம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் இந்த இரண்டையும் வீட்டிலிருந்தே முடிப்பது பெரிய சுமையாக இருக்காது என்று கணக்குப் போட்டோம்.

கோளாறு சேர்க்கையிலேயே தொடங்கியது. நிறுவனத்தின் முகப்பில் '50 மாநிலங்களிலும் செல்லும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அரட்டைப் பெட்டியில் கேட்டபோதும் ஒருவர், தாங்கள் தேசிய அளவில் அங்கீகாரம் பெற்ற பள்ளி என்றும் எந்தத் தடையும் வராது என்றும் உறுதி சொன்னார். அதை நம்பி இரண்டு பாடங்களுக்கும் தலா 295 டாலர் கட்டிவிட்டு, ரசீதோடு கவுன்சிலரிடம் போனேன். அவர் முதலில் கேட்டது, முன் அனுமதிப் படிவத்தில் கையெழுத்து வாங்கினீர்களா என்பதைத்தான். வெளியில் படிக்கும் எந்தப் பாடமாக இருந்தாலும் படிக்கத் தொடங்குவதற்கு முன்பே மாவட்டத்தின் ஒப்புதல் பெற வேண்டும் என்பது அவர்கள் விதி. அடுத்துப் பாடத்தின் பெயரைப் பார்த்தார். நாங்கள் வாங்கியிருந்தது வெறும் 'எகனாமிக்ஸ்'. டெக்சஸ் பாடப்பட்டியலில் உள்ளதோ 'எகனாமிக்ஸ் வித் எம்ஃபசிஸ் ஆன் த ஃப்ரீ எண்டர்ப்ரைஸ் சிஸ்டம் அண்ட் இட்ஸ் பெனிஃபிட்ஸ்'. பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாவிட்டாலும், அந்தப் பெயரும் அதன் பின்னால் இருக்கும் 'டீக்ஸ்' என்ற மாநிலப் பாடத்தரமும் பொருந்தினால்தான் அந்தக் கட்டத்தில் 0.5 என்று எழுதுவேன் என்றார் அவர்.

திரும்ப வந்து தேடிப் பார்த்தால், அதே நிறுவனத்திடமே டெக்சஸுக்கென்று தனிப் பதிப்பு இருந்தது. பட்டியலின் நான்காம் பக்கத்தில், வேறொரு தலைப்பின் கீழ் கிடந்தது. மாற்றித் தருவதற்கு 50 டாலர் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுடைய ஆள்தானே தடை வராது என்று சொன்னார் என்று அரட்டையின் நகலை அனுப்பி வாதாடியும், 'அங்கீகாரம் என்பது ஏற்பு அல்ல, ஏற்பு உங்கள் பள்ளியின் முடிவு' என்று ஒரே வரியில் பதில் வந்தது. சொன்னது உண்மைதான். அந்த உண்மையைப் பணம் வாங்குவதற்கு முன்னால் சொல்லியிருந்தால் இந்தப் பத்தியை எழுதும் வேலை எனக்கு இருந்திருக்காது.

இனி பாடங்களுக்கு வருவோம். அரசு முறைப் பாடத்தை நான் கூடவே உட்கார்ந்து படித்தேன் என்றே சொல்ல வேண்டும். எட்டு அலகுகள், ஒவ்வொன்றிலும் வாசிப்பு, சிறு வினாக்கள், ஒரு எழுத்து வேலை. அரசியலமைப்பின் வாசகத்தையே முன்னால் வைத்து, எந்தப் பிரிவு எந்த அதிகாரத்தைத் தருகிறது என்று கோடிட வைக்கிறார்கள். 1803-இன் மார்பரி எதிர் மேடிசன் வழக்கைத் தீர்ப்பின் பெயராக மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய சட்டத்தை நீதிமன்றம் செல்லாதென்று சொல்லும் அதிகாரம் எப்படி நிலைபெற்றது என்பதைப் படிப்படியாக அவிழ்க்கிறார்கள். டிங்கர் வழக்குப் பகுதி அதைவிடச் சிறப்பு. வியட்நாம் போரை எதிர்த்து 1965-ல் டி மாய்ன் நகரில் கையில் கறுப்புப் பட்டை அணிந்து பள்ளிக்கு வந்த மாணவர்களை இடைநீக்கம் செய்தது தவறு என்று 1969-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கைக் கொடுத்துவிட்டு, பள்ளித் தலைமையாசிரியரின் தரப்பிலிருந்து ஒரு பக்க வாதம் எழுது என்று கேட்டிருந்தார்கள். தனக்குப் பிடித்த தரப்பை எழுதச் சொன்னால் எவரும் எழுதிவிடுவார்கள். என் மகன் அந்த ஒரு பக்கத்துக்கு இரண்டு மாலைகள் எடுத்துக்கொண்டான். சாப்பாட்டு மேசையில் என்னிடமும் அதே வாதத்தை வைத்துத் தோற்கடித்தான்.

திருத்தும் ஆசிரியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து ஜேம்ஸ் மேடிசன் எழுதிய ஃபெடரலிஸ்ட் பத்தாம் கட்டுரையைப் பற்றி அவன் எழுதியதற்கு மூன்று நாட்களில் பதில் வந்தது. மேடிசன் 'ஃபேக்‌ஷன்' என்று, அதாவது தன்னல நோக்கோடு திரளும் குழு என்று, சொல்வதை இவன் அரசியல் கட்சி என்றே புரிந்துகொண்டிருந்தான். அது எங்கே பிசகுகிறது என்று வரிக்கு வரி குறித்துக் காட்டி, மறுபடி எழுத வாய்ப்பும் கொடுத்திருந்தார். பள்ளியில் முப்பது பேருக்கு நடுவில் இவ்வளவு கவனம் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

பொருளியல் பாடம் இதற்கு நேர் எதிர். திரையில் இருக்கும் வரிகளை ஒருவர் அப்படியே வாசிக்கிறார். அதற்குக் காணொளி என்று பெயர். தேவை, அளிப்புக் கோடுகளை இழுத்து நகர்த்திப் பார்க்கும் ஒரு கருவி மட்டும் நன்றாக இருந்தது. மத்திய வங்கிப் பகுதியில், 1913-ல் ஃபெடரல் ரிசர்வ் ஏற்படுத்தப்பட்டது, அதற்கு 12 வட்டார வங்கிகள் உண்டு என்ற தகவல்கள் இருக்கின்றனவே தவிர, வட்டி விகிதம் ஏறினால் ஒரு குடும்பத்தின் வீட்டுக் கடனுக்கு என்ன ஆகும் என்று ஒரு கணக்குக்கூட இல்லை. இரண்டாம் அலகின் தேர்வில், சமநிலை விலைக்குக் கீழே அரசு உச்சவரம்பு வைத்தால் என்ன நேரும் என்ற கேள்விக்குப் பற்றாக்குறை என்று இவன் சரியாகக் குறித்ததைத் தவறென்று காட்டி, உபரி என்பதை விடையாகக் கொடுத்திருந்தார்கள். எழுதிக் கேட்டதும் மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்துவிட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்கத் தெரியாத பிள்ளை அந்தத் தவறான விடையை மனத்தில் எழுதிக்கொண்டல்லவா போயிருக்கும்?

வேகம் பற்றி ஒரு குறிப்பு. ஒரு முழுக் கிரெடிட் என்பது ஏறத்தாழ 120 மணி நேர வகுப்பு என்ற கணக்கு, 1906-ல் உருவான கார்னகி அலகிலிருந்து வந்தது. அப்படிப் பார்த்தால் அரைக் கிரெடிட்டுக்கு 60 மணி நேரம். என் மகன் அரசு முறைக்கு அதை ஒட்டியே செலவிட்டான். பொருளியலுக்கு அதில் பாதிகூட ஆகவில்லை. ஒரு பாடத்தைக் குறைந்தது ஆறு வாரங்களுக்கு நீட்ட வேண்டும் என்று நிறுவனம் விதி வைத்திருப்பதால், கடைசிப் பதினைந்து நாள்கள் தேர்வுக்கான பூட்டு திறப்பதற்காகக் காத்திருந்தான். ஆகஸ்டில் பள்ளி திறப்பதற்குள் முடிக்க நினைப்பவர்கள் ஜூன் முதல் வாரத்திலேயே சேர்ந்துவிடுவது நல்லது.

இறுதித் தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் கேமரா வழியாக ஒருவர் கண்காணிப்பார். மடிக்கணினியைத் தூக்கி அறையின் நான்கு சுவர்களையும், மேசையின் அடிப்பக்கத்தையும் காட்டச் சொன்னார்கள். சுவரில் தொங்கிய நாள் கிழிக்கும் தமிழ் நாட்காட்டியைப் பார்த்ததும் கண்காணிப்பாளர் நிறுத்தினார். அதில் பொடி எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். ராகு காலமும் எமகண்டமும் என்று விளக்கிப் புரியவைக்க முடியாது என்று தோன்றியதோ என்னவோ, என் மகன் ஒன்றும் பேசாமல் அதைக் கழற்றிக் கதவுக்கு வெளியே வைத்தான். மற்றபடி தேர்வு தடங்கலின்றி நடந்தது. ஒரு தேர்வுக்குக் கண்காணிப்புக் கட்டணம் 25 டாலர் என்பது மட்டும் சேர்க்கையின்போது எங்கும் கண்ணில் படவில்லை.

தேர்ச்சி பெற்ற பிறகுதான் எனக்கு அதிகப் பதற்றம். அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியலான டிரான்ஸ்கிரிப்டை நிறுவனம் நேரடியாகப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். நாம் அச்சிட்டு எடுத்துச் செல்வது செல்லாது. ஐந்து வேலை நாள்கள் என்றவர்கள் பதினேழு நாள்கள் எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கி, இவனுடைய கால அட்டவணையில் அதே அரசு முறைப் பாடத்தை மறுபடி போட்டுவிட்டார்கள். கவுன்சிலர் பொறுமைசாலி என்பதால் இடத்தைப் பிடித்து வைத்திருந்து, டிரான்ஸ்கிரிப்ட் வந்த அன்றே மாற்றிக் கொடுத்தார். இப்படி வெளியில் வாங்கும் கிரெடிட் எங்கள் மாவட்டத்தில் மதிப்பெண் சராசரியான ஜி.பி.ஏ. கணக்கிலும் வகுப்புத் தர வரிசையிலும் சேராது. மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளும் நோக்கத்தோடு இங்கே வருபவர்கள் தங்கள் மாவட்டத்தின் விதியை முதலில் கேட்டறிய வேண்டும்.

இந்நிறுவனத்தின் தளத்தில் பட்டமளிப்புக் கணிப்பான் என்று ஒரு வசதி இருக்கிறது. பழைய கிரெடிட்டுகளையும் நாமே உள்ளிட்டால், எவ்வளவு முடிந்தது என்று பச்சைப் பட்டையில் காட்டும். எங்களுக்கு அது முழுதும் பச்சையாகி '26/26, வாழ்த்துகள்' என்று சொன்ன அதே வாரத்தில், கவுன்சிலர் கொடுத்த தாளில் இன்னும் மூன்று வரிகள் காலியாக இருந்தன. இதயம் நின்றால் செய்யும் சி.பி.ஆர். முதலுதவிப் பயிற்சி, காவலர் வாகனத்தை நிறுத்தும்போது நடந்துகொள்ள வேண்டிய முறை பற்றிய பாடம், கல்லூரி நிதியுதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பம் அல்லது அது வேண்டாம் என்று கையெழுத்திட்ட படிவம் ஆகியவையே அவை. ஒன்றுக்கும் கிரெடிட் கிடையாது. ஆனால் ஒன்றையும் விட முடியாது. ஸ்டார் எனப்படும் மாநிலத் தேர்வுகளைப் பற்றியும் கணிப்பான் வாய் திறக்கவில்லை. அல்ஜீப்ரா 1, உயிரியல், ஆங்கிலம் 1, ஆங்கிலம் 2, அமெரிக்க வரலாறு என்ற ஐந்து பாடங்களுக்கு ஆண்டிறுதித் தேர்வு உண்டு. டெக்சஸுக்கு வருவதற்கு முன்பே ஒரு பாடத்துக்குக் கிரெடிட் பெற்று, அதை மாவட்டமும் ஏற்றுக்கொண்டிருந்தால் அந்தத் தேர்வை எழுத வேண்டியதில்லை. என் மகனின் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு அறிவியலில் ஒன்றை உயிரியலாக ஏற்றுக்கொண்டதால் அவனுக்கு அமெரிக்க வரலாறு ஒன்றே மிஞ்சியது. இவ்வளவு பணம் வாங்கும் ஒரு நிறுவனம் இதை ஒரு பக்கத்தில் எழுதிப் போட்டிருக்கலாம்.

இவர்கள் தனிப் பாடம் மட்டும் அல்லாமல் முழு டிப்ளமோவும் விற்கிறார்கள். அதை வாங்கச் சொல்லி வரும் மின்னஞ்சலுக்கும் குறைவில்லை. அது ஒரு தனியார் பள்ளியின் டிப்ளமோவே ஒழிய நம் அரசுப் பள்ளியின் டிப்ளமோ ஆகாது. இந்த நிறுவனம் உண்மையிலேயே பாடம் நடத்துகிறது, தேர்வு வைக்கிறது, தோற்றால் தோல்வி என்றே சொல்கிறது. அந்த வகையில் போலி அல்ல. போலிகளும் சந்தையில் இருக்கவே செய்கின்றன. பணத்தைக் கட்டி ஒரே ஒரு இணையத் தேர்வை எழுதினால் டிப்ளமோ என்று விற்றவர்கள் மீது 2014-ல் ஃப்ளோரிடாவில் மத்திய வர்த்தக ஆணையமே வழக்குத் தொடுத்தது. பள்ளியை விட்டு வெளியேறிய வயது வந்தவர்களுக்கு நாணயமான வழி ஜி.இ.டி. தேர்வுதான். நான்கு பாடங்கள், ஒவ்வொன்றிலும் 145 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் டெக்சஸில் அதற்குக் கிடைப்பது டிப்ளமோ அல்ல, அதற்கு ஈடான சான்றிதழ்.

வேறு மாநிலங்களில் இருக்கும் நண்பர்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே அரைக் கிரெடிட் என்று நான் எழுதும் அதே அரையாண்டுப் பாடத்துக்குக் கலிபோர்னியப் பள்ளிகளில் பொதுவாக 5 கிரெடிட் என்பார்கள். நியூ ஜெர்சியில் ஓர் ஆண்டுப் பாடம் 5 கிரெடிட், டிப்ளமோவுக்கு 120 வேண்டும். நிறுவனத்தின் விலைப்பட்டியல் 'கிரெடிட்' கணக்கில் இருப்பதால் இந்தக் குழப்பத்தில் இரண்டு மடங்கு வாங்கிவிட்டவர் ஒருவரை எனக்கே தெரியும்.

எங்களுக்கு ஆன மொத்தச் செலவு 700 டாலர்: பாடங்களுக்கு 590, பதிப்பு மாற்றியதற்கு 50, கண்காணிப்புக்கு 50, டிரான்ஸ்கிரிப்டுக்கு 10. இந்த மே மாதம் மகன் 26 கிரெடிட்டோடு மேடையேறினான், ஆகவே பணம் வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் பாடத்தை முன்பு முறையாகப் படிக்காமலேயே தேர்வெழுதி 80 மதிப்பெண் எடுத்தால் அதே கிரெடிட்டைக் கொடுக்கும் வழி டெக்சஸில் உண்டு என்பதை, பணம் கட்டிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். எட்டாம் வகுப்பில் இருக்கும் மகள் இப்போதே அல்ஜீப்ரா 1 படித்து உயர்நிலைப் பள்ளிக் கணக்கில் ஒரு கிரெடிட்டைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். நாளை அவளுக்கு இடம் போதாமல் போனால், பொருளியலுக்கு நூலகப் புத்தகத்தைக் கொடுத்து அந்தத் தேர்வுக்கு அனுப்புவேன். அரசு முறைக்கு மட்டும் இதே நிறுவனத்துக்கு வருவேன், கவுன்சிலரின் கையெழுத்தை முதலில் வாங்கிக்கொண்டு.